வாட்டை எங்கே அளப்பது?

1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் பேசத் தொடங்கியபோது அதன் மத்திய அலை ஒலிபரப்பியின் திறன் 5 கிலோவாட். நாடு விடுதலை பெற்ற வேளையில் இந்தியாவின் பங்குக்கு வந்த வானொலி நிலையங்கள் ஆறுதான். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ ஆகியவற்றோடு திருச்சியும் அந்த வரிசையில் இருந்தது. பிற்பாடு அதே நிலையம் 936 கிலோஹெர்ட்ஸில் 100 கிலோவாட்டாக வளர்ந்தது. கணக்குப்படி இருபது மடங்கு. ஆனால் கும்பகோணத்திலோ புதுக்கோட்டையிலோ இருந்த கேட்பவருக்கு நிலையம் இருபது மடங்கு வலுத்துவிடவில்லை. அலையின் புல வலிமை திறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே அவருடைய ஏரியலில் விழுந்த அலை ஏறக்குறைய நாலரை மடங்கு மட்டுமே பெரிதானது.

வாட் என்ற எண்ணோடு நமக்குள்ள முதல் குழப்பம் இது. இன்னும் இரண்டு குழப்பங்கள் உண்டு. அந்த வாட்டை எந்த இடத்தில் அளந்தார்கள் என்பது ஒன்று. அளந்த வாட்டில் எவ்வளவு பேச்சைச் சுமந்தது, எவ்வளவு சும்மா போனது என்பது மற்றொன்று. வீட்டு மாடியறையில் அமெச்சூர் நிலையம் வைத்திருக்கும் ஒரு ஹாமுக்கு இவை ஏட்டறிவு அல்ல. உரிமத்தில் எழுதியிருக்கும் வரம்பு, கோடையில் வால்வு தாங்குமா தாங்காதா என்ற கவலை, ஒவ்வொரு மாதமும் வரும் மின் கட்டணம் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளில்தான் வந்து முட்டுகின்றன.

தமிழ்நாட்டின் வானொலிக் கதையே அமெச்சூர்களிடம் தொடங்கியது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த மதராஸ் மாகாண ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. அப்போது அதன் கையில் இருந்தது 40 வாட் கருவி. பின்னர் 200 வாட்டுக்கு உயர்ந்தது. பணமுடையால் 1927இல் நின்றது. 1930இல் சென்னை மாநகராட்சி அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இன்று இந்தியாவில் தொடக்கநிலை உரிமம் பெறும் ஒரு ஹாமுக்குக் குறைந்த அதிர்வெண் பட்டைகளில் அனுமதி 50 வாட். ஒரு மாகாணத் தலைநகரின் முதல் ஒலிபரப்பை நடத்திய கருவியைவிடப் பெரிய எண், பள்ளி மாணவரின் கைக்குச் சட்டப்படி வருகிறது. இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி அந்த 50 வாட்டைப் பிரித்துப் பார்ப்போம்.

வீச்சுப் பண்பேற்றத்தில், அதாவது ஏ.எம். முறையில், பேசாமல் இருக்கும்போதும் ஓர் அலை இடைவிடாமல் போய்க்கொண்டிருக்கும். அது ஊர்தி அலை. நாம் பேசும்போது குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அந்த அலையின் உயரம் கூடிக் குறையும். அப்படிக் கூடிக் குறைவதன் விளைவாக ஊர்தி அலைக்கு இருபுறமும் இரண்டு பக்கப்பட்டைகள் பிறக்கின்றன. குரலில் உள்ள செய்தி முழுவதும் அந்தப் பக்கப்பட்டைகளில்தான் இருக்கிறது. ஊர்தி அலையின் திறன் 100 வாட் என்றால், விட்டுவிடாமல் ஒலிக்கும் ஒரு சீரான ஒலிக்கு 100 விழுக்காடு பண்பேற்றினால் இரு பக்கப்பட்டைகளிலும் சேர்ந்து கிடைப்பது 50 வாட். அதாவது வெளியே போகும் 150 வாட்டில் மூன்றில் இரண்டு பங்கு செய்தி எதையும் சுமக்காத அலை. மனிதப் பேச்சு சீரான ஒலி இல்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி உண்டு, மூச்சு வாங்கல் உண்டு. சராசரிப் பண்பேற்றம் 30 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் பக்கப்பட்டைகளுக்குக் கிடைப்பது வெறும் நாலரை வாட்.

இது வீண்செலவு என்று தோன்றும். ஒலிபரப்பு நிலையத்துக்கு அது வீண் இல்லை. அந்த ஊர்தி அலை கூடவே வருவதால்தான் வானொலிப் பெட்டி ஒரே ஒரு டயோடை வைத்துக் குரலைப் பிரித்தெடுத்துவிடுகிறது. திருச்சியில் ஓர் இடத்தில் 100 கிலோவாட் எரித்தால், டெல்டா முழுவதும் ஏழை வீடுகளிலும் வயல் வரப்புகளிலும் மலிவான டிரான்சிஸ்டர்கள் வேலை செய்யும். 1960களில் ஆடுதுறை 27 நெல் ரகத்தைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலி சொல்லிக் கேட்டு விதைத்த நெல் அது. அந்தச் செய்தி வரப்புவரை போய்ச் சேர்ந்ததற்கு ஊர்தி அலைக்குச் செலவான மின்சாரமும் ஒரு காரணம்.

ஹாமின் நிலைமை நேர்மாறானது. அவர் பேசுவது ஒருவரோடு, மிஞ்சிப்போனால் ஒரு குழுவோடு. எதிர்முனையில் இருப்பவரிடம் நல்ல ரிசீவர் இருக்கும். அவருக்காக ஊர்தி அலையைச் சுமந்துகொண்டு போக வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் உலகெங்கும் ஹாம்கள் ஊர்தி அலையையும் ஒரு பக்கப்பட்டையையும் நீக்கிவிட்டு மீதமுள்ள ஒரே பக்கப்பட்டையில் பேசும் எஸ்.எஸ்.பி. முறைக்கு மாறினார்கள். ஆனால் ஏ.எம். மறைந்துவிடவில்லை. அதன் குரலில் உள்ள நிறைவுக்காகவும், கையால் கட்டி முடித்துப் புரிந்துகொள்ளக்கூடிய எளிமைக்காகவும் அதை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மின்னணுவியல் கற்க விரும்பும் இளைஞருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்திய ஹாம்கள் பல பத்தாண்டுகள் நம்பியிருந்த வால்வின் பெயர் 807. உச்சியில் ஒரு தொப்பி, அதில் ஒரு கம்பி, உள்ளே செந்தணலாய் இழை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவக் கழிவுச் சந்தையில் தாராளமாகக் கிடைத்தது. அதன் தகட்டுக்கு 500 வோல்ட் கொடுத்து 100 மில்லிஆம்பியர் ஓடவிட்டால் உள்ளே போகும் திறன் சரியாக 50 வாட். வரம்பும் 50 வாட். இந்தப் பொருத்தத்துக்குக் காரணம் உண்டு. இந்திய அமெச்சூர் விதிகள் மரபாகத் திறன் வரம்பைச் சொல்லிவந்தது, இறுதிக் கட்டப் பெருக்கிக்குள் போகும் நேர்மின்திறனை வைத்து. ஹாம்கள் ‘டி.சி. இன்புட்’ என்பார்கள். ஒரு வோல்ட்மீட்டர், ஒரு மில்லிஅம்மீட்டர், ஒரு பெருக்கல் கணக்கு. அளப்பதற்கு வேறு எதுவும் வேண்டாம்.

அப்படி அளந்தால் ஒரு விஷயம் பிடிபடும். உள்ளே போவதற்குத்தான் வரம்பு. வெளியே எவ்வளவு வருகிறது என்பது கட்டியவரின் கெட்டிக்காரத்தனம். அதாவது பயனுறுதிறன்.

பெருக்கிகளை ஏ, பி, சி என்று வகுப்புகளாகப் பிரிப்பார்கள். ஏ வகுப்பில் வால்வு எந்நேரமும் மின்னோட்டத்தைக் கடத்திக்கொண்டே இருக்கும். கொள்கையளவிலேயே அதன் பயனுறுதிறன் 50 விழுக்காட்டைத் தாண்டாது. பி வகுப்பில் அலையின் பாதிச் சுற்றில் மட்டும் கடத்தும். அதன் உச்ச வரம்பு 78.5 விழுக்காடு. சி வகுப்பில் பாதிச் சுற்றுக்கும் குறைவாக, ஒரு சிறு துடிப்பாக மட்டும் கடத்தும். மீதி நேரத்தில் அலையை வளைத்து முழுமையாக்குவது வெளியே உள்ள சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த சுற்று. ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் லேசாக ஒரு தள்ளு தள்ளினால் போதும், மற்ற ஆட்டத்தை அது தானே ஆடிக்கொள்ளும் அல்லவா, அப்படி. நடைமுறையில் சி வகுப்பில் 70 முதல் 80 விழுக்காடுவரை கிடைக்கும். நம் 807 உள்ளே 50 வாட் வாங்கி 35 வாட் ஊர்தி அலையை வெளியே தரும். மீதி 15 வாட் தகட்டில் வெப்பமாகிறது.

சி வகுப்புப் பெருக்கிக்கு உள்ளீட்டு அலையின் உயர வேறுபாட்டை உள்ளபடி பெருக்கத் தெரியாது. அதனால் குரலை முன்பே ஏற்றி அனுப்ப முடியாது. தகட்டுக்குப் போகும் 500 வோல்ட்டையே குரலுக்கேற்பப் பூஜ்யம் முதல் 1000 வோல்ட்வரை ஆட்டிவைக்க வேண்டும். இதுதான் தகட்டுப் பண்பேற்றம். அதற்குத் தனியாக ஓர் ஒலிப் பெருக்கியும் கனத்த மாடுலேஷன் டிரான்ஸ்பார்மரும் தேவை. டி.சி. இன்புட்டில் பாதி அளவுக்கு ஒலித்திறன் வேண்டும். 50 வாட்டுக்கு 25 வாட். ஒரு சிறு மண்டபத்துக்கு ஒலிபெருக்கி வைக்கப் போதுமான கருவியை மாடியறையில் உட்கார்ந்து பேசும் ஒருவர் கட்டியாக வேண்டும். இந்த எடையும் செலவும்தான் பலரைப் பின்வாங்க வைத்தன.

வேறு வழி இல்லையா என்றால் உண்டு. சிறிய திறனிலேயே குரலை ஏற்றிவிட்டு, அதன் பின் உருவம் சிதையாமல் பெருக்கும் பி வகுப்புப் பெருக்கியைப் போடலாம். டிரான்ஸ்பார்மர் சுமை ஒழியும். ஆனால் விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். குரலின் உச்சத்தில் அலையின் உயரம் இரட்டிப்பாகும் என்பதால் அந்தப் பெருக்கி சாதாரண நேரத்தில் தன் முழு உயரத்தில் பாதியில்தான் ஓடியாக வேண்டும். பாதி உயரத்தில் அதன் பயனுறுதிறனும் பாதியாகிறது. நடைமுறையில் 35 விழுக்காட்டைத் தாண்டினால் அதிர்ஷ்டம். 50 வாட் டி.சி. இன்புட்டுக்குக் கிடைக்கும் ஊர்தி அலை 17 வாட் அளவுதான். ஒரே வரம்பு, ஒரே மின்சாரம், பாதி அலை.

உயரம் இரட்டிப்பானால் திறன் நான்கு மடங்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கடையில் வாங்கும் கருவிகளின் ஒரு புதிரும் விடுபடும். 100 வாட் என்று விற்கப்படும் ஹாம் கருவி ஏ.எம். நிலையில் 25 வாட் மட்டுமே காட்டுகிறதே, கருவி பழுதோ என்று புதியவர்கள் கேட்பார்கள். பழுது இல்லை. 25 வாட் ஊர்தி அலை குரலின் உச்சத்தில் 100 வாட்டைத் தொடும். அந்த உச்சத்துக்கு இடம் விட்டுத்தான் கருவியைத் தயாரித்திருக்கிறார்கள். மீட்டர் ஏறவில்லையே என்று ஊர்தி அலையை 50 வாட்டுக்கு உயர்த்தி வைத்தால் உச்சிகள் வெட்டுப்பட்டு, குரல் கரகரத்து, பக்கத்து அதிர்வெண்ணில் பேசிக்கொண்டிருப்பவரின் காதில் போய் விழும்.

இந்த நான்கு மடங்குக் கணக்கு அமெரிக்காவில் பெரிய வழக்காடலாகவே ஆனது. அங்கே ஹாம்களின் வரம்பு வெகு காலம் 1000 வாட் டி.சி. இன்புட். 75 விழுக்காடு பயனுறுதிறனுள்ள ஏ.எம். பெருக்கி அதிலிருந்து 750 வாட் ஊர்தி அலையைத் தரும், உச்சத்தில் 3000 வாட்டைத் தொடும். 1983இல் வரம்பை மாற்றி, வெளியே வரும் உச்சத் திறன் 1500 வாட்டைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஏ.எம். பேசுபவருக்கு ஊர்தி அலை 375 வாட்டாகச் சுருங்கியது. அதாவது சரிபாதி. கொந்தளிப்பு எழுந்தது. அவர்களுக்கு மட்டும் 1990 ஜூன் 1 வரை பழைய கணக்கே தொடர விட்டார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம்? அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியையோ அடுத்த நிலையத்தையோ தொந்தரவு செய்வது ஏரியலை விட்டு வெளியேறும் அலை. அதனால் வெளியீட்டை அளப்பதே நேர்மை என்று அறிவியல் சொல்லும். ஆனால் உச்சத் திறனை அளக்க நல்ல கருவி வேண்டும். சொந்தமாகக் கட்டிப் பழகுகிறவர் நிறைந்த நாட்டில், இரண்டு மீட்டரோடு முடிந்துபோகும் டி.சி. இன்புட் முறை ஒரு பெரிய நன்மையைச் செய்தது. அதிக அலை வேண்டுமா, அதிக மின்சாரம் எரிக்காதே, வீணாவதைக் குறை என்று அது கட்டுபவரைப் பழக்கியது. இந்தியச் சூழலுக்கு அந்த விதி பொருத்தமாகவே இருந்தது என்பேன்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழும். பயனுறுதிறனை 70லிருந்து 90 விழுக்காடாக உயர்த்தினால் கேட்பவருக்கு என்ன லாபம்? 35 வாட் 45 வாட்டாகும். டெசிபல் கணக்கில் 1.1. எந்தக் காதாலும் கண்டுபிடிக்க முடியாத வித்தியாசம். வந்து சேரும் அலையின் வலிமையைக் காட்டும் ரிசீவரின் எஸ் மீட்டரில் ஒரு படி ஏற 6 டெசிபல் தேவை, அதாவது நான்கு மடங்கு திறன். தொடக்கநிலை உரிமத்தின் 50 வாட்டிலிருந்து பொதுநிலை உரிமத்தின் 400 வாட்டுக்குப் போனாலும் கிடைப்பது ஒன்றரைப் படிதான்.

பயனுறுதிறனின் உண்மையான லாபம் எதிர்முனையில் இல்லை, நம் மேசையின் மேலேயே இருக்கிறது. 70 விழுக்காட்டில் 15 வாட் வெப்பம். 90 விழுக்காட்டில் 5 வாட். அலை சற்றே கூடியது, வெப்பமோ மூன்றில் ஒன்றாகிவிட்டது. திருச்சியின் சித்திரை வைகாசியில், நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் மொட்டைமாடி அறையில் இந்த மூன்றில் ஒன்றுதான் கருவியின் ஆயுள். வால்வாவது சிவந்து எச்சரிக்கும். டிரான்சிஸ்டர் எதையும் சொல்லாமல் போய்விடும். வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகட்டில் ஒரு வாட்டுக்கு 2 டிகிரி ஏறுகிறது என்றால், 15 வாட் 30 டிகிரியைக் கூட்டும், 5 வாட் 10 டிகிரியைத்தான் கூட்டும். குளிர்நாட்டில் எழுதப்பட்ட சுற்று வரைபடத்தை இங்கே அப்படியே கட்டினால் கோடையில் தகராறு செய்வது இதனால்தான்.

90 விழுக்காடு எப்படிச் சாத்தியம்? வெப்பம் என்பது கருவியின் மேல் நிற்கும் மின்னழுத்தத்தையும் அதனூடே ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கிய தொகை. இரண்டில் ஒன்று எப்போதும் பூஜ்யமாக இருந்தால் பெருக்குத்தொகையும் பூஜ்யம். எனவே மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டரைப் பெருக்கியாக அல்லாமல் சுவிட்சாக ஓட்டுகிறார்கள். முழுக்கத் திறந்திருக்க வேண்டும் அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும், இடைநிலையே கூடாது. மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இது எளிதல்ல. ஒவ்வொரு முறை சுவிட்ச் மூடும்போதும் மின்தேக்கத்தில் தங்கியிருக்கும் ஆற்றல் எரிந்துபோகும். நேதன் சோகலும் ஆலன் சோகலும் 1975இல் வெளியிட்ட ஈ வகுப்புப் பெருக்கி அதற்கு அழகான தீர்வைச் சொன்னது. மின்னழுத்தம் தானாகவே பூஜ்யத்துக்கு இறங்கிவரும் கணத்தில்தான் சுவிட்ச் மூட வேண்டும், சுற்றை அதற்கேற்ப அமைத்துவிடு என்றார்கள். இன்று ஏ.எம். ஆர்வலர்கள் மலிவான மாஸ்ஃபெட்டுகளை வைத்து 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 90 விழுக்காட்டை எட்டுகிறார்கள். பண்பேற்றத்துக்கும் கனத்த டிரான்ஸ்பார்மர் வேண்டியதில்லை. துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைத்தே மின்னழுத்தத்தை ஆட்டிவிடலாம்.

பெரிய நிலையங்களில் இந்த விழுக்காடுகள் பணமாக மாறும். 100 கிலோவாட் ஊர்தி அலைக்கு, மொத்தப் பயனுறுதிறன் 60 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 167 கிலோவாட் இழுக்க வேண்டும். 85 விழுக்காடு என்றால் 118 கிலோவாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் நிலையத்தில் வித்தியாசம் ஒரு நாளைக்கு 700 யூனிட்டுக்கு மேல், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் யூனிட்டைத் தாண்டும். இந்தச் செலவைக் குறைக்கவே 1936இல் பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹர்ட்டி இரண்டு வால்வுகளைக் கூட்டுச் சேர்த்தார். சாதாரண நேரத்தில் ஒரு வால்வு தன் முழு உயரத்தில் ஓடும். குரலின் உச்சத்தில் மட்டும் இரண்டாவது கைகொடுக்கும். 33 விழுக்காட்டில் கிடந்த பயனுறுதிறன் 60ஐத் தாண்டியது. கைப்பேசிச் சமிக்ஞையிலும் சராசரி குறைவு, உச்சம் மிக அதிகம். எனவே டோஹர்ட்டியின் யோசனை கைப்பேசிக் கோபுரங்களில் மறுபடி உயிர்பெற்றது. திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் மாடிக்கு மாடி நிற்கும் கோபுரங்களைப் போன்றவற்றில், ஏ.எம். ஒலிபரப்புக்காகப் பிறந்த அந்தச் சுற்றின் வாரிசுகள்தான் பரவலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெருக்கியைத் தாண்டி ஏரியலையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 936 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 320 மீட்டர். கால் அலை உயரத்துக்கு ஏரியல் நிறுத்த 80 மீட்டர் வேண்டும். ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம் 72 மீட்டர், மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம் என்று கற்பனை செய்துகொள்ளலாம். அலை தரையோடு ஒட்டிப் போக மண் நன்றாக மின்சாரத்தைக் கடத்த வேண்டும். காவிரிப் பாசனத்தின் ஈர மண் அந்த வகையில் வறண்ட பாறை நிலத்தைவிட மேலானது. ஹாமின் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கோ அரை அலை டைபோல் 20 மீட்டர் நீளம்தான். தில்லை நகரில் ஒரு மாடியிலிருந்து எதிர்மாடிக்கு, இரண்டு வீட்டாரும் சம்மதித்தால், கட்டிவிடலாம்.

அதே தில்லை நகரில்தான் இன்றைய வானொலியின் பெரிய எதிரியும் குடியிருக்கிறது. நெருக்கமாக மருத்துவமனைகள், பயிற்சி நிலையங்கள், கடைகள். ஒவ்வொன்றிலும் எல்.ஈ.டி. விளக்குகள், இன்வெர்ட்டர்கள், சார்ஜர்கள். மலிவான ஒவ்வொரு சார்ஜரும் ஒரு சிறு இரைச்சல் நிலையம். எதிர்முனையில் இரைச்சல் ஒரு எஸ் படி ஏறினால், அங்கிருப்பவர் நம்மை முன்போலக் கேட்கச் செய்ய நாம் திறனை நான்கு மடங்காக்க வேண்டும். நம் பக்கத்தில் இரைச்சல் ஏறினாலோ, நாம் எதிர்முனையைக் கேட்பதற்கு நம் திறன் எவ்வளவு கூடினாலும் உதவாது. ஏரியலை உயர்த்தி, வீட்டுக் கம்பிகளிலிருந்து தள்ளிக் கட்டி, இரைச்சலிடும் சார்ஜரைத் தேடிப் பிடித்து மாற்றுவதுதான் வழி. கூடுதல் வாட்டுக்காகச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் பாதியை இதில் போட்டாலே பலன் கூடுதலாகக் கிடைக்கும்.

இதையெல்லாம் தாமே செய்து பார்க்க விரும்பினால், 12 வயது நிரம்பிய யாரும் மத்திய அரசின் தகவல்தொடர்பு அமைச்சகம் நடத்தும் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வை எழுதலாம். தேறி உரிமமும் அழைப்புக்குறியும் கைக்கு வரும்வரை கேட்க மட்டும் செய்யுங்கள். ஏரியலில் அலையை ஏற்றாதீர்கள். பழைய 807ஐக் கட்டிப் பார்க்க ஆசைப்படும் மாணவருக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. 500 வோல்ட் மின்வழங்கியை அணைத்த பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை வடித்துவிட, அவற்றுக்கு இணையாக ஒரு பிளீடர் மின்தடையை நிரந்தரமாகப் பொருத்துங்கள். கையை உள்ளே விடும் முன் மீட்டரால் அளந்து பூஜ்யம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் முறை அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே மின்சாரம் கொடுங்கள்.